தஞ்சைத் தரையும் விரிப்பும்: சாணி மெழுகலிலிருந்து ரோபோ வேக்குவம் வரை

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் நிரந்தரமாக விரித்துவைத்த கம்பளம் கிடையாது. பாய், ஜமக்காளம், கம்பளி என்று விரிப்புகள் பல இருந்தன. எல்லாமே தேவைப்படும் நேரத்தில் விரிக்கப்பட்டு, வேலை முடிந்ததும் உதறிச் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டவை. தரை மட்டும் எப்போதும் வெறுமையாக, பெருக்கவும் மெழுகவும் கழுவவும் தோதாக இருந்தது. வீட்டில் கம்பளம் விரித்திருக்கிறோம், ரோபோ வேக்குவம் வாங்கலாமா என்ற கேள்வி தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இன்று எழுகிறது. அதற்கான விடையில் பாதி இயந்திரத்தைப் பற்றியது. மீதிப் பாதி இந்த வட்டாரத்தின் தரை எப்படி உருவானது, அதன்மேல் எவை விரிக்கப்பட்டன, யார் அதைச் சுத்தம் செய்தார்கள் என்ற வரலாற்றில் இருக்கிறது.

டெல்டா வண்டல் பூமி. இங்கே தோண்டினால் களிமண்ணும் மணலும் வருமே தவிர கல் வராது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லே வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். ஆகவே குடியானவர் வீட்டுத் தரை மண்ணாலேயே போடப்பட்டது. மண்ணைக் கொட்டி நிரவி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். மேலே குழைத்த களிமண்ணைப் பூசிக் காயவிட்டு, கடைசியில் சாணிக் கரைசலால் மெழுகுவார்கள். மாடு செரிக்காமல் விட்ட வைக்கோல் நார், சாணியில் நுண்ணிய இழைகளாக இருக்கும். காயும்போது அந்த இழைகள் களிமண்ணைப் பிடித்துக்கொள்வதால் தரை வெடிப்பது குறையும். மேல்மண் பொடியாகி எழும்பாது. சாணி மெழுகிய தரை தூசியைத் தன்னிடமே கட்டிப்போடும் தரை. தூசியை உறிஞ்சும் இயந்திரம் செய்யும் வேலையை, தூசி கிளம்பாமலே பார்த்துக்கொள்வதன் மூலம் அது செய்தது.

ஆனால் அது ஒரு தடவை போட்டு மறந்துவிடக்கூடிய தரை அல்ல. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பண்டிகை நாள் என்று மெழுகிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறி மண் இளகும், எலி வளை தோண்டும், கறையான் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி மண் பூச்சு, மறுபடி மெழுகல். குனிந்து, ஒரு கையை ஊன்றி, மறு கையால் அரைவட்டமாக இழுத்துக்கொண்டே பின்னால் நகர வேண்டிய இந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில் விழுந்தது. விடியுமுன் வாசல் தெளித்துப் பெருக்கிக் கோலம் போடுவதும் அவர்கள் வேலைதான். மண்தரை குளிர்ச்சியானது, இயற்கையானது என்று இன்று பாராட்டுகிறவர்கள், அந்தக் குளிர்ச்சிக்கு எத்தனை தலைமுறைப் பெண்களின் இடுப்பும் முழங்காலும் விலையாகப் போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டின் அமைப்பு இந்தத் துப்புரவு முறையை ஒட்டியே இருந்தது. அக்ரகாரத்து வீடானாலும் மிராசுதார் வீடானாலும் தெருவிலிருந்து கொல்லை வரை நீளவாக்கில் ஓடும். வாசல், திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், பிறகு இரண்டாம் கட்டு, அடுக்களை, கடைசியில் கிணறும் மாட்டுக் கொட்டிலும் உள்ள கொல்லைப்புறம். ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் உயர்ந்த நிலைப்படி. முற்றம் ஓரடி பள்ளத்தில் இருக்கும்; கூரைகளின் மழைநீர் அதில் விழுந்து ஓடும். வீட்டைக் கழுவி விட்டால் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, தானாகவே சாக்கடை வழியே வெளியேறும். படிகள் மேலே மேலே ஏறிப்போவது பூச்சி, மழைத் தண்ணீர், தெருப் புழுதி ஆகியவற்றை வெளியிலேயே நிறுத்தியது. மூன்று நான்கு அங்குல உயரமுள்ள இந்த நிலைப்படிகள் பின்னால் வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமாகப்போகின்றன.

யார் எந்தத் தரை வரை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பண்ணையாட்களாக உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் கொட்டிலைச் சுத்தம் செய்தார்கள், களத்தைப் பெருக்கினார்கள், நெல்லைத் தூற்றிச் சுமந்தார்கள். கூடத்தின் தரையில் அவர்களுக்குக் காலடி வைக்க இடமில்லை. கொடுமையின் உச்சமாக, மெழுகப் பயன்பட்ட அதே சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் சவுக்கால் அடிப்பதும் கீழத்தஞ்சையில் தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயத் தொழிலாளர் இயக்கம் போராடி அவற்றுக்கு முடிவு கட்டியது. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொல்லை வேலைக்குக் கட்டுண்ட ஆட்கள் கிடைப்பது அதன்பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. துப்புரவுக் கருவிகளின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களோடு மட்டும் எழுதுவது போதாது. அடிமை உழைப்பு மறுக்கப்பட்ட நாட்களும் அதில் சேர வேண்டும்.

கருவி என்று பார்த்தால் நெடுங்காலம் துடைப்பம் ஒன்றுதான். அதிலும் இரண்டு வகை. தென்னை ஓலையின் ஈர்க்கை உரித்துக் கட்டிய விளக்குமாறு வாசலுக்கும் முற்றத்துக்கும் கொல்லைக்கும். ஈரத் தரையையும் சாணித் தண்ணீரையும் அதனால் இழுத்துத் தள்ள முடியும். வீட்டுக்குள் மென்மையான புல்லில் கட்டிய துடைப்பம். இப்போது எங்கும் விற்கும் பூந்துடைப்பத்தின் புல் வடகிழக்கு மாநிலங்களின் மலைகளிலிருந்து வருகிறது. துடைப்பத்துக்கென்று கட்டுப்பாடுகளும் இருந்தன. விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் பெருக்கினாலும் குப்பையை வெளியே கொட்டாமல் மூலையில் ஒதுக்கி வைத்துக் காலையில் அள்ள வேண்டும். யாராவது ஊருக்குப் புறப்பட்டுப் போனவுடன் பெருக்கக் கூடாது. முதல் விதிக்கு ஒரு நடைமுறைக் காரணம் தெளிவாகத் தெரிகிறது: அகல் வெளிச்சத்தில் கீழே விழுந்த மூக்குத்தித் திருகு குப்பையோடு போய்விடும்.

விரிப்புகளில் முதலிடம் கோரைப் பாய்க்கு. காவிரிக் கரையோர ஈரநிலங்களில் கோரை செழித்து வளரும். திருச்சிக்கு மேற்கே முசிறி, தொட்டியம், கரூர் பக்கம் அது இன்றும் பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது. டெல்டாவுக்குள் கொள்ளிடக் கரையிலுள்ள தைக்கால், பாய்க்கும் பிரம்புச் சாமான்களுக்கும் பேர்போன ஊர். கோரையை அறுத்துத் தண்டைக் கீறி வெயிலில் உலர்த்தி, நூல் பாவில் ஊடாகச் செலுத்தி நெய்வார்கள். பாயின் சிறப்பு அதன் மேற்பரப்பில் தூசி தங்காமல் இருப்பது. தூக்கி இரண்டு உதறு உதறினால் சுத்தம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் போட்டால் காய்ந்துவிடும். உடல் வெப்பத்தை வாங்கி வெளியே விடுவதால் சித்திரை வெயிலிலும் படுக்க முடிந்தது. கல்யாணப் பந்திக்கு என்று நீளமாக, ஒடுக்கமாக நெய்த பந்திப் பாய் தனி. ஒரு பந்தி எழுந்ததும் அதைச் சுருட்டி, தரையைத் துடைத்து, அடுத்த பந்திக்கு மறுபடி உருட்டி விடுவார்கள். நூறு பேர் சாப்பிட்ட இடத்தைச் சில நிமிடங்களில் சுத்தமாக்கும் அந்த ஏற்பாட்டுக்குக் கம்பளம் ஈடாகவே முடியாது.

பாய்க்கு அடுத்தது ஜமக்காளம். அதுவும் காவிரியின் கொடைதான், ஆனால் மேற்கே வெகுதூரத்தில், பவானி ஆறு காவிரியோடு கலக்கும் ஊரிலிருந்து. ஆலைத் துணி இறக்குமதி கைத்தறியை நசுக்கிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பவானியின் ஜங்கமர் சமூக நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலில் கெட்டியான கோடுபோட்ட விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள். ஆலைகளால் எளிதில் போட்டி போட முடியாத சரக்கு அது. பெண் பார்க்கும் படலம், நிச்சயதார்த்தம், கச்சேரி, பஞ்சாயத்து என்று பத்துப் பேர் உட்கார்ந்தால் ஜமக்காளம் விரிப்பது தஞ்சை மாவட்டத்திலும் நடைமுறையானது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பளத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு அடிப்படையானது: ஜமக்காளம் தட்டையான நெசவு, மேலே மயிர்போல் எழும்பி நிற்கும் இழை கிடையாது. துவைக்கலாம், கல்லில் அடிக்கலாம், கொடியில் காயப்போடலாம்.

எழும்பிய இழையுள்ள உண்மையான கம்பளமும் தஞ்சைக்குப் புதிதல்ல. 1676 முதல் ஆண்ட மராத்திய மன்னர்களின் அவையில், விரிப்பு விரித்துத் திண்டு போட்டு அமர்வது மரபு. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை ஓவியர்கள் ஆங்கிலேயருக்காக வரைந்த அரசர், பிரபுக்கள் படங்களில் காலடியில் பூவேலைக் கம்பளங்கள் தெரியும். அரண்மனைக்கு வெளியே பெரும் பணக்காரர் வீடுகளில்கூட ரத்தினக் கம்பளம் என்பது வரவேற்பின் அடையாளமாகவே நின்றது. அன்றாடம் கால் மிதிக்கும் பொருளாகவில்லை.

வியப்பான செய்தி, தஞ்சை வட்டாரம் கம்பளம் நெய்த வட்டாரமும்கூட என்பதுதான். இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1880இல் விரிவாக எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், தஞ்சாவூரின் பட்டுக் கம்பளங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ரயில் பாதையில் இருக்கும் அய்யம்பேட்டை ஒரு கம்பள நெசவு ஊராகவே அறியப்பட்டிருந்தது. தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றி ஹென்றி ஹாரிஸ் எழுதி 1908இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட தனிநூல், ஆந்திரத்தின் ஏலூரு, வடாற்காட்டின் வாலாஜா ஆகியவற்றோடு அய்யம்பேட்டையையும் சேர்த்துப் பேசுகிறது. பட்டு நெசவில் கைதேர்ந்த சௌராஷ்டிரர்கள் நெடுங்காலமாக வாழும் ஊர் அது. நூலும் சாயமும் தறியும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பாவு நூல்களின்மேல் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடு நூலால் அழுத்தி, முடிச்சின் நுனிகளைக் கத்தரித்துச் சமப்படுத்துவது கம்பள நெசவு. ஒரு நாள் முழுதும் உட்கார்ந்தாலும் சில அங்குலம்தான் வளரும்.

அந்தச் சரக்கை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியார்தான். 1851இல் லண்டன் பொருட்காட்சியில் இந்தியக் கம்பளங்கள் வைக்கப்பட்ட பிறகு ஐரோப்பாவில் தேவை பெருகியது. தேவை பெருகியதும் அவசரம் வந்தது. சிறைச்சாலைகளில் கைதிகளை வைத்து மலிவாக நெய்தார்கள். 1856இல் பெர்கின் கண்டுபிடித்த செயற்கைச் சாயமும் அதன் வழிவந்தவையும் இண்டிகோவையும் சாயவேரையும் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தன. நிறம் பளிச்சென்று இருந்தது, ஆனால் சீக்கிரம் வெளுத்தது. பேர்ட்வுட் இவ்விரண்டையும் கடுமையாகச் சாடினார். தரம் குறைந்தபோது விலையும் குறைந்தது. தனித்தறி வைத்து நெய்தவர்களால் சிறைச்சாலைச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டு வளர வளர அய்யம்பேட்டையின் கம்பளத் தறிகள் மறைந்தன. அரசு நூலொன்றில் இடம்பெறும் அளவு சிறந்திருந்த ஒரு கைத்திறன், அது பிறந்த மாவட்டத்திலேயே நினைவாகக்கூட மிஞ்சவில்லை என்பது பெரிய இழப்பு. கலம்காரி, கலைத்தட்டு, ஓவியம், தலையாட்டி பொம்மை என்று தஞ்சையின் கைவினைகளைப் பட்டியலிடுகிறவர்கள் கம்பளத்தை அந்த வரிசையில் சேர்ப்பதே இல்லை.

தானே நெய்த கம்பளத்தை டெல்டா ஏன் தன் வீட்டில் விரிக்கவில்லை? விலை ஒரு காரணம். ஆனால் நூறு வேலி மிராசுதாருக்கு விலை தடையாக இருந்திருக்காது. பருவம் இன்னும் வலுவான காரணம். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் தடித்த கம்பளம் ஈரத்தை வாங்கினால் வாரக்கணக்கில் காயாது. பூஞ்சை பிடிக்கும், அந்துப்பூச்சி அரிக்கும். வயலிலிருந்து காலோடு வரும் களிமண் ஒட்டினால் பெருக்கி எடுக்க முடியாது. தரையில் உட்கார்ந்து இலைபோட்டுச் சாப்பிடும் வீட்டில் குழம்பும் ரசமும் சிந்தாத நாள் இல்லை. அறுவடை முடிந்தால் நெல் மூட்டை கூடத்தைத் தாண்டித்தான் பத்தாயத்துக்குப் போகும். கருக்காயும் சுணையும் வீடெங்கும் பறக்கும். மடி, விழுப்பு என்று ஆசாரம் பார்த்த வீடுகளில் நாள்தோறும் தரையைத் தண்ணீரால் கழுவியாக வேண்டும். இத்தனைக்கும் ஒரே தீர்வு, எதுவும் ஒட்டாத வெறுந்தரை. கம்பளத்தைப் புறக்கணித்தது ரசனைக் குறைவால் அல்ல, தரையை நன்றாகப் புரிந்துகொண்டதால்.

20ஆம் நூற்றாண்டில் தரையே மாறியது. வசதியானவர்கள் முன்பே செங்கல் பாவி, சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். 1939இல் கொள்ளிடத்துக்கு வடக்கே டால்மியாபுரத்தில் சிமென்ட் ஆலை அமைந்தபின், சிமென்டில் சிவப்புக் காவி கலந்து தேய்த்து மெருகேற்றிய தரை பரவியது. சரியாகப் போட்ட காவித் தரை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் முகம் தெரியும்படி மின்னும். கால் பட்டுப் பட்டு இன்னும் மெருகேறும். மெழுகல் ஒழிந்தது; ஈரத்துணியால் துடைப்பது போதுமானது. பிறகு கடப்பாக்கல், மொசைக், 1990களுக்குப் பிறகு குஜராத்திலிருந்து வந்த மெருகேற்றிய டைல்ஸ். புது வீடுகளில் முற்றம் மூடப்பட்டது, நிலைப்படி தேய்ந்து கிட்டத்தட்டத் தரைமட்டமானது. அழகு பார்த்துச் செய்த அந்த மாற்றம், பிறகு வரவிருந்த சக்கர இயந்திரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தது.

மேற்கே கதை நேரெதிர். குளிர்நாட்டு வீட்டில் கம்பளம் சுவரிலிருந்து சுவர் வரை ஒட்டிக் கிடக்கும். எடுத்து உதற முடியாது. அந்தச் சிக்கலிலிருந்துதான் இயந்திரம் பிறந்தது. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மெல்வில் பிசல் 1876இல் உருளைத் தூரிகை வைத்த கம்பளப் பெருக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் காற்றை உறிஞ்சி இழுக்கும் இயந்திரத்தைச் செய்தார். குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாயைச் சன்னல் வழியே உள்ளே விட்டு வீட்டைச் சுத்தம் செய்தார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளம் அந்த இயந்திரத்தால் சுத்தமானது. 1908இல் ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் கையால் தள்ளக்கூடிய சிறிய மின்சாரக் கருவிக்குக் காப்புரிமை பெற, ஹூவர் குடும்பம் அதை வாங்கி உலகமெங்கும் விற்றது. உறிஞ்சும் காற்று, இழைகளைக் கிளறிவிடும் சுழல் தூரிகை என்ற இரண்டு பாகமும் கம்பளத்துக்காகவே உருவானவை.

இந்தியாவில் அந்தக் கருவியை நடுத்தர வீட்டுக்குள் கொண்டுவந்தது 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர்கள் வீடு வீடாக வந்து, மெத்தையின்மேல் கருவியை ஓட்டி, வெள்ளைத் துணியில் சேர்ந்த தூசியைக் காட்டி விற்ற முறை நாடெங்கும் பெயர் பெற்றது. தரைக்கு அந்தக் கருவி அவ்வளவாகப் பயன்படவில்லை. டைல்ஸ் தரையைத் துடைப்பமும் ஈரத்துணியும் அதைவிடச் சீக்கிரம் சுத்தம் செய்துவிடும். சோபா, மெத்தை, மின்விசிறி, சன்னல் வலை ஆகியவற்றுக்கு அவ்வப்போது எடுக்கப்பட்டு, மற்ற நாளெல்லாம் அலமாரியில் இருந்தது.

கம்பளம் டெல்டாவுக்குள் மறுபடி வந்தது வளைகுடா வழியாக. ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களின் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு மலேயா, சிங்கப்பூர் தொடர்பு பழையது. 1970களுக்குப் பிறகு துபாயும் சவூதியும் சேர்ந்துகொண்டன. விடுமுறைக்கு வருகிறவர்கள் சுருட்டிக் கொண்டுவந்த இயந்திர நெசவுக் கம்பளம் கூடத்தின் நடுவே விரிக்கப்பட்டது. பள்ளிவாசல்களில் பாய் இருந்த இடத்தில், தொழுகை வரிசைகள் கோடிட்ட கம்பளம் சுவரிலிருந்து சுவர் வரை வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கம்பளம் நெய்து வெளியே அனுப்பிய அய்யம்பேட்டை, இன்று வெளியே நெய்த கம்பளத்தை விரிக்கிறது. அதேபோல் கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் அக்ரகாரங்களை விட்டு அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போன குடும்பங்கள், அங்கே ஒட்டிய கம்பளத்தின் மேலேயே குடியிருக்கின்றன. கம்பள வீட்டுக்கு ரோபோ ஏற்றதா என்ற கேள்வியை முதலில் சந்தித்த தஞ்சைக்காரர்கள் அவர்கள்தான்.

ரோபோ வேக்குவங்களில் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தின் டிரைலோபைட் 2001இலும் ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா 2002இலும் விற்பனைக்கு வந்தன. முதல் ரூம்பா அறையைப் பார்த்து அறியாது. முட்டினால் திரும்பும், திரும்பித் திரும்பி அறையை நிரப்பும். 2010 வாக்கில் லேசர் கதிரால் அறையை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டு வரிசையாகப் பெருக்கும் வகைகள் வந்தன. பிறகு ஈரத்துணியால் துடைக்கும் வசதியும் சேர்ந்தது. வடிவம் பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய ஒன்றே: சுமார் பத்து சென்டிமீட்டர் உயர வட்டத் தட்டு, ஓரத்துக் குப்பையை உள்ளே தள்ளும் சிறு தூரிகை, அடியில் உருளைத் தூரிகை, உறிஞ்சும் விசிறி, கையகலக் குப்பைப் பெட்டி. மின்கலத்தில் ஓடுவதால் கைக்கருவியின் உறிஞ்சு விசை இதற்குக் கிடையாது. அந்தக் குறையை நாள்தோறும் ஓடி ஈடுகட்டுகிறது.

கம்பளம் என்று வரும்போது கவனிக்க வேண்டிய முதல் செய்தி இழையின் உயரம். வளைகுடாவிலிருந்து வரும் இயந்திர நெசவு விரிப்புகளிலும் பள்ளிவாசல் கம்பளங்களிலும் பெரும்பாலானவை குட்டை இழை கொண்டவை. ஒரு சென்டிமீட்டருக்குள் இழை இருந்தால் ரோபோ தடையின்றி ஏறும். மேல்தூசி, முடி, துகள் ஆகியவற்றை எடுத்துவிடும். இழை அதைவிட நீண்டு, கால் புதையும் வகையாக இருந்தால் சக்கரம் திணறும், தூரிகை சிக்கும், அடியில் படிந்த மண் அப்படியே கிடக்கும். கம்பளத்தின் அடிவரை இறங்கிய மணலைக் கிளப்ப ஆண்டுக்குச் சிலமுறையாவது கைக்கருவியோ, வெயிலில் போட்டுக் கழியால் அடிக்கும் பழைய முறையோ வேண்டும். ரோபோ அந்த வேலைக்கு மாற்று இல்லை.

இரண்டாவது, விரிப்பின் ஓரம். குஞ்சம் வைத்த கம்பளமும் ஜமக்காளமும் உருளைத் தூரிகையில் சுற்றிக்கொள்ளும். லேசான விரிப்பை ரோபோ தள்ளிச் சுருட்டி அதன்மேலேயே ஏறி நின்றுவிடும். குஞ்சத்தை உள்ளே மடித்துவிட வேண்டும். அல்லது செயலியில் அந்த இடத்தைத் தடைப் பகுதியாகக் குறிக்க வேண்டும். பாய்க்கும் இது பொருந்தும். ஆனால் பாயைச் சுருட்டி வைப்பதே எளிது. மூன்றாவது, நிறம். பள்ளத்தில் விழாமலிருக்க இயந்திரத்தின் அடியில் ஒளி உணரிகள் உண்டு. தரையிலிருந்து ஒளி திரும்பி வராவிட்டால் அது பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும். கருப்பு அல்லது அடர்நீலக் கம்பளம் ஒளியை விழுங்கிவிடுவதால், சில வகைகள் அதை முற்றமென்று எண்ணி ஒதுங்கிவிடுகின்றன. உண்மையான முற்றம் உள்ள பழைய வீட்டில் அதே உணரிதான் இயந்திரத்தைக் காப்பாற்றுகிறது. கருப்புக் கம்பளத்துக்காக அங்கே உணரியை மறைத்து ஒட்டுவது ஆபத்து. நான்காவது, துடைக்கும் வசதி. ஈரத்துணியோடு கம்பளத்தில் ஏறினால் விரிப்பு நனையும். கம்பளத்தை உணர்ந்து துணியைத் தூக்கிக்கொள்ளும் வகை இல்லையென்றால், டெல்டாவின் கார்த்திகை மாத ஈரத்தில் அது பூஞ்சைக்கு வழி.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. பூச்சரத்தின் வாழைநாரும் நீண்ட தலைமுடியும் உருளையில் சுற்றும். வாரம் ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் தூரிகை நின்றுவிடும். கோலமாவு, விபூதி போன்ற நுண்பொடிகள் வடிகட்டியை அடைக்கும். குங்குமம் சிந்திய இடத்தில் ஈரத்துணி போனால் தரை முழுதும் சிவப்புக் கோடு. பூஜை அறையைத் தடைப் பகுதியாக வைப்பதே நல்லது. அறுவடைக் காலத்துக் கருக்காயும் நெல்லும் சின்னக் குப்பைப் பெட்டியைச் சில நிமிடத்தில் நிரப்பிவிடும். விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில், காலை பத்து மணிக்கு ஓடும்படி நேரம் குறித்துவிட்டால் முறையும் கெடாது, வேலையும் நடக்கும்.

பழைய நிலைப்படிதான் கடக்க முடியாத தடை. பொதுவான ரோபோக்கள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏறும். ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று படிகளால் பிரிந்த வீட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தூக்கி வைக்க வேண்டும். அந்த வீட்டின் காவித் தரைக்குத் துடைப்பமே இன்றும் சிறந்த கருவி. ஒரே மட்டத்தில் டைல்ஸ் போட்டு, நடுக்கூடத்தில் குட்டை இழைக் கம்பளம் ஒன்று விரித்த புது வீட்டுக்கு ரோபோ நன்றாகவே பொருந்தும். குறிப்பாக முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டில், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கித் தரக்கூடிய உருப்படியான பொருள் அது. ஆனால் அங்கும் அது திறம்படச் செய்வது டைல்ஸைத்தான். கம்பளம் அதற்கு இரண்டாம் வேலை. வீடு முழுதும் ஒட்டிய கம்பளம் உள்ள வெளிநாட்டு வீடுகளில் ரோபோ அன்றாடப் பெருக்கலுக்கு மட்டும் உதவும். வாரம் ஒருமுறை கைக்கருவி இல்லாமல் முடியாது. தட்டுமுட்டுச் சாமான் இல்லாத, படி இல்லாத, குட்டை இழைக் கம்பளம் ஒரே சீராக விரிந்த இடம் என்றால் டெல்டாவில் அது பள்ளிவாசலின் தொழுகைக் கூடம். இந்த இயந்திரம் கம்பளத்தின்மேல் தடங்கலின்றி வேலை செய்யக்கூடிய இடமும் அதுவே. ஆனால் அத்தனை பெரிய பரப்புக்கு வீட்டு வகையின் மின்கலமும் குப்பைப் பெட்டியும் போதாது, கட்டடங்களுக்கென்று செய்யப்பட்ட பெரிய வகை வேண்டும்.